இணைப்பு அறுபடவில்லை, அண்ணை

என் பக்கத்து மேசை அண்ணைக்கு, உங்கள் தேத்தண்ணிக் கோப்பையை இன்னும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவள் எழுதிக்கொள்வது.

உங்கள் மேசை அப்படியேதான் இருக்கிறது. ஹீட்டர் பழையபடி முனகுகிறது. சனி, ஞாயிறில் ஹரோ ரயிலை நம்ப முடிவதில்லை. மலர் அண்ணி இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். இப்படி ஊர்ப்புதினம் சொல்லிக்கொண்டே போகலாம்தான். ஆனால் நான் உங்களோடு கோபம். செத்துப்போன மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நீங்கள் ஒரு சாட்டுப்போக்காவது சொன்னால் மனம் கொஞ்சம் ஆறும்.

இதை வேறு யாரும் வாசித்தால் அவர்களுக்கு நம் வேலை தெரியாது. சின்னச் சின்ன நாடுகளின் அரசாங்க அலுவலர்களுக்கு நீங்களும் நானும் லண்டனில் இருந்து கணினி வழியே வகுப்பு நடத்தினோம். இணையத்துக்கான விதிகளைப் பெரிய நாடுகள் எழுதும்போது சின்ன நாடு எங்கே கையை உயர்த்த வேண்டும், இரண்டு நிமிடத்தில் எப்படிப் பேசி முடிக்க வேண்டும் என்பதுதான் பாடம். வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். "தூரத்தில இருக்கிறவை முதல்ல கதைக்கட்டும். கிட்ட இருக்கிறவை எப்பவும் கதைக்கலாம்." அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்தது.

லிடியா உங்களுக்கும் செல்லம்தான். கரீபியக் கடலில் அவளுடைய தீவு. நம் ஹரோவில் இருக்கிற சனம்கூட அங்கே இல்லை. கடலுக்கடியால் போகிற ஒரே ஒரு கேபிள்தான் அவர்களுக்கு. அது அறுந்தபோது ஆஸ்பத்திரியும் வங்கியும் துறைமுகமும் நின்றுபோயின. எப்போது சரிவரும் என்று சொல்லக்கூட கம்பனிக்காரருக்குக் கடமை இல்லை. அந்தக் கடமையை ஒரு வரியாக விதிகளின் வரைவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் அவள் நம் லண்டன் கூட்டத்தில் பேச இருந்தாள். விமானமேறி வர வழியில்லை, திரையில் பேசுவதாக ஏற்பாடு. நீங்கள்தான் நடத்துநர். எத்தனை தரம் பேசிப் பழகினாள், அண்ணை! ஒவ்வொரு தரமும் "இன்னும் சுருக்கு" என்று விரட்டியது நீங்கள்தானே?

அன்று அவளுடைய மேலதிகாரியும் அலுவலகமும் அவள் பின்னால் கூடி நின்றார்கள். பெயரைச் சொன்னாள், நாட்டைச் சொன்னாள், திரை கறுத்துப்போனது. "இணைப்பு அறுந்துவிட்டது, மன்னிக்க வேண்டும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, மண்டபத்தில் இருந்த அடுத்தவரைக் கூப்பிட்டீர்கள். அந்த வரி இல்லாமலே வரைவு முடிந்தது.

மறுநாள் லிடியா திரையில் வந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். "எங்கள் நாட்டு இணைப்பு உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டது" என்றாள். நான் ஆறுதல் சொன்னேன். நீங்களும் பக்கத்தில் நின்று, பரவாயில்லை என்று தலையாட்டினீர்கள். எப்படி முடிந்தது உங்களால்?

சில வாரங்களில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். நான் அழுத அழுகை மலர் அண்ணிக்குத் தெரியும்.

பிறகு மோர்டனில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு. அன்றைய கூட்டத்துக்குத் திரையும் ஒலியும் பூட்டித்தந்த சுதன், ஜெர்மனியில் இருந்து வந்து இங்கே தொழில் தொடங்கினவன், என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான். உங்களைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

"அண்ணையைப் போல கெட்டிக்காரன் ஆரக்கா? அண்டைக்கு லைன் ஒண்டும் அறுபடேல்லை. அந்தப் பிள்ளை கதைக்கத் தொடங்க, என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டினார். நான் டக்கெண்டு வெட்டிப்போட்டன். ஒருத்தருக்கும் விளங்கேல்லை!"

"ஏன் சுதன்?"

"முன்வரிசையில கேபிள் கம்பனிப் பெரியவர் இருந்தவரெல்லே? அவை தாற காசிலதானே உங்கடை வகுப்பு ஓடுது. அவர் கோவிச்சா வகுப்பே இல்லை எண்டு அண்ணை முதலே சொல்லி வச்சவர்."

நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

இந்த வருடம் சித்திரையில், ஊரில் போரை நிறுத்தச் சொல்லி, இங்கே பாராளுமன்றத்துக்கு எதிரே நாம் நின்றது நினைவிருக்கிறதா? தொண்டை கட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு கத்தியும் உள்ளுக்க இருக்கிறவைக்குக் கேக்குதில்லையே, வதனி" என்று அழுதீர்கள். அந்த வாய்தானே கோடையில் "இணைப்பு அறுந்துவிட்டது" என்றது? பேசப் பழக்குகிற வகுப்பைக் காப்பாற்ற, பேச வந்தவளின் வாயை அடைத்திருக்கிறீர்கள். வகுப்போடு என் வேலையையும் நினைத்துத்தான் செய்தீர்களோ? அப்படியென்றால் இன்னும் வலிக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

போன கிழமை லிடியாவுக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைக் காட்டிக்கொடுக்கிறேனே என்றும் இருந்தது. அவள், "அப்படியானால் எங்கள் பக்கம் எல்லாம் சரியாகவா இருந்தது?" என்று கேட்டாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மேலதிகாரி அவளை எதிலும் பேச விடவில்லையாம். நாட்டை வெட்கப்படுத்தியவள் என்று பெயராம். உங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நான் மறுபடி பேச இடம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள்.

இருக்கிறது, அண்ணை. அவளுடைய மேலதிகாரிக்கு நடந்ததை நானே எழுதிவிட்டேன். பங்குனிக் கூட்டத்தில் அந்த வரைவு திருத்தத்துக்காகத் திரும்பவும் வருகிறது. உங்கள் நடத்துநர் கதிரையில் என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கம்பனிப் பெரியவரும் முன்வரிசைக்கு வருவார். வகுப்பு மூடப்பட்டால் மூடப்படட்டும், கிழக்கு லண்டனில் தம்பியின் கடையில் போய் நிற்கிறேன். சுதனிடமும் சொல்லிவிட்டேன். "நான் கண்ணைக் காட்டினாலும் கையைக் காட்டினாலும் நீ வெட்டக் கூடாது" என்றேன். பாவம், முகம் செத்துப்போனது. "ஓம் அக்கா" என்றான்.

இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. நீங்கள் கைவிட்ட சட்டத்தை நான் கைவிடமாட்டேன். வணக்கம் சொன்ன கையோடு முதலில் லிடியாவைத்தான் கூப்பிடுவேன். அவள் பேசி முடிக்கும்வரை திரையைப் பார்த்துத்தான் நிற்பேன், முன்வரிசைக்கு என் முதுகுதான் தெரியும்.

இன்னும் உங்களை அண்ணை என்றே கூப்பிட வருகிற,
தங்கச்சி வதனி