உன் கிண்ணத்தில் அக்கா சாப்பிட்டாள்

ஷான்டோங்,
வருஷப் பிறப்பு

அன்பு மகன் தாஷானுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று எப்போதும் ஒப்புக்குக் கேட்பேன், இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே பதில் வேண்டும். இன்று வருஷப் பிறப்பு, துடைப்பம் தொடக்கூடாது, கத்தி தொடக்கூடாது, அதனால்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. உன் அப்பா இந்நேரம் பெரியப்பா வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போயிருக்க வேண்டும், போகவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கொழுக்கட்டை கொடுத்தால் மட்டும் எழுந்து சாப்பிடுகிறார்.

உன் அக்கா யூலிங் தன்னைக் கட்டிய அந்த மனிதனை ஒரேயடியாக விலக்கிவிட்டு வந்துவிட்டாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பண்டிகை நெருங்கும் வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் வாழ்த்து எழுதிய சிவப்புத் தாள் ஒட்ட வந்த உன் பெரியப்பாதான் ஆரம்பித்தார். கட்டிக்கொடுத்த பெண் வருஷக் கடைசி ராத்திரி பிறந்த வீட்டு விளக்கைப் பார்க்கக்கூடாதாம், இரண்டாம் நாள்தான் வாசல் மிதிக்கலாமாம், மீறினால் கூடப்பிறந்தவன் தலையில் விடியுமாம். அவளுக்குத்தான் புகுந்த வீடே இல்லையே, எங்கே போவாள் என்று கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்றார். நீ கப்பல் பட்டறையில் உயரத்தில் நின்று வெல்டிங் செய்கிறவன் என்று வேறு ஞாபகப்படுத்தினார். அதில்தான் உன் அப்பா அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற விடுதியில் அவளுக்கு ஒரு அறை பிடித்தார்.

நேற்று மத்தியானம் போனவள், நான் கொழுக்கட்டைக்கு உலை வைக்கிற நேரம் பெட்டியோடு திரும்பி வந்து நிற்கிறாள். விடுதிக்காரனும் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறானாம், பூட்டிவிட்டான். ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை, வெளியே பனி கொட்டுகிறது. அவள் உள்ளே வரவில்லை தாஷான். வெளிச்சம் மேலே படாமல் சுவரோரம் ஒதுங்கி நின்று, "விறகுக் கொட்டகையில இருந்துக்கறேம்மா, தம்பிக்கு ஆகாதுல்ல" என்றாள்.

வழக்கம்போலப் பெரியப்பா நம் வீட்டில்தான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். நீ வராவிட்டாலும் உன் இடத்தில் கிண்ணமும் குச்சியும் வைப்பேனே, நேற்றும் வைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து அங்கே உட்கார வைத்தேன். பையனுக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்று பெரியப்பா எழுந்துவிட்டார். "ஆகட்டுங்க, நானே பொறுப்பு. அக்காவுக்கு ஒரு வாய் சோறு போட்டா கெட்டுப்போற அதிர்ஷ்டம் என் பிள்ளைக்கு வேண்டாம்" என்றேன். அவர் சாப்பிடாமலே போனார். உன் அப்பா அவரையும் தடுக்கவில்லை, என்னையும் தடுக்கவில்லை. உன் அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, காலையிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. எனக்கும் பயம்தான்டா. இனி இந்த வருஷம் உனக்குக் கால் சுளுக்கினால்கூட அது அவள் தலையில்தான் விடியும், அவளை வெளியே அனுப்பு என்பார்கள். அதனால் இடுப்பில் கயிறு கட்டாமல் மேலே ஏறாதே. ஈரமான பலகையில் கால் வைக்காதே. குடித்துவிட்டு வண்டியில் போகாதே. காய்ச்சல் வந்தால் என் பெயருக்கு மட்டும் எழுது, அங்கே உன்னோடு இருக்கிற பெரியப்பா மகனிடம் மூச்சு விடாதே. சுகமாக இருக்கிறேன் என்று அப்பா பெயருக்கு உடனே ஒரு கடிதம் போடு, அவர் எப்போதும்போல உரக்கப் படிப்பார், அடுப்படியில் இருக்கிற உன் அக்காவுக்கும் கேட்கும்.

இந்த வருஷம் உன்னை ஒரு துரும்பும் தீண்டக்கூடாது. இந்த வருஷக் கடைசி ராத்திரி உன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அவளுக்கென்று தனியாக ஒன்று வைக்க நினைத்திருக்கிறேன். அதுவரை பத்திரமாக இருந்து காட்டு.

உன் அம்மா