எல்லைச் சுவரில் ஒரு ஜன்னல்

தம்பிக்கு,

நம் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள எல்லையை ஒட்டி அம்மாவுக்கு அறை கட்ட மாநகராட்சி உன் சம்மதத்தைக் கேட்டது. பல வருடம் பேசாத நீ காரியத்தைக் கெடுக்கத்தான் வருவாய் என்று நினைத்து விசாரணைக்கு வக்கீலோடு வந்தேன்.

"கட்டட்டும் சார். ஆனா எங்க பக்கம் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லுங்க. அம்மாவுக்குக் காத்து வேணும்," என்றாய்.

அதிகாரி சிரித்தார். "ஜன்னலை அடைக்கச் சொல்லித்தாங்க இங்க சண்டைக்கு வருவாங்க."

வரைபடத்தில் உன் பக்கம் நான் வெறும் சுவர்தான் போட்டிருந்தேன். உன் வீட்டில் எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை. அப்பாவின் மனையை நீ பாதியாக வெட்டி வாங்கியதை இந்த ஜன்னல் மாற்றிவிடாது.

ஜன்னல் வைத்தாயிற்று. அம்மாவின் கட்டில் அதை ஒட்டித்தான் கிடக்கிறது. ஜன்னல் கொக்கி அவள் கைக்கு எட்டும். நான் ஆபீசிலிருந்து வர இருட்டிவிடும்; அதுவரை அவள் தனியாகத்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
அண்ணன்