பாவூர்சத்திரத்து வெயில்

அக்கா,

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே சாரல். படுக்கை விரிப்பை உதறியதும் லேசாகக் கொத்தமல்லி வாசம் வந்தது. அறையைக் காட்ட வந்தவர், "வேற விரிப்பு தரட்டுமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். பாவம், முழித்தார். நீங்கள் இல்லாத முதல் சீசன் இது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

லாட்ஜ் அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்த நீங்கள் பதினோரு பேர், தென்காசியில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் சொந்தச் சலவைக்கூடம் வைக்க ஆசைப்பட்டீர்கள். தெருப் பெயரைக் கேட்டதுமே வங்கியில் பைலை மூடிவிட்டார்கள். வேலை செய்பவர்களே முதலாளிகளாக இருக்கும் தொழில்களுக்கு நிதி தரும் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வந்தீர்கள். திட்டம் எழுதியது நான். பெரிய துவைக்கும் இயந்திரம் ஒன்று.

"துவைக்கதுக்கு எங்க கை போதும் மேடம். சீசன்லதான் துணி காயாது. அதுக்கு வழி பாருங்க" என்றீர்கள். நான் காதில் வாங்கவில்லை. படித்த திமிர், வேறென்ன.

கூடம் திறந்த முதல் சீசனில், சாரல் தொடங்கி ஐந்தாம் நாள், கூடம் முழுக்க ஈர விரிப்புகள். மறுநாளைக்குள் காய்ந்த துணி வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்றார்கள் லாட்ஜ்காரர்கள். பழைய வேலையை எல்லோரும் விட்டாயிற்று. நான் அழுதுவிட்டேன்.

"ஏட்டி, நீ அழுதா இன்னும் ஈரம்லா ஆவும்!" அன்றைக்குத்தான் மேடம் போய் ஏட்டி ஆனேன்.

தென்காசியில் காய்கறி இறக்கிவிட்டுப் பாவூர்சத்திரத்துக்குக் காலியாகத் திரும்பிய டெம்போவை நீங்கள் மறித்தீர்கள். "பாவூர்சத்திரத்துல வெயிலு பளிச்சுன்னு அடிக்கும். அங்கன கொண்டு காயப்போடுவோம்." சாயங்காலம் விரிப்புகள் மொடமொடவென்று வந்தன, காய்கறி டெம்போவின் கொத்தமல்லி வாசத்தோடு. தொழில் பிழைத்தது.

அதைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் என்ன எழுதினேன் என்று ஒருநாள் கேட்டீர்கள். மழையால் தடங்கல் என்று எழுதியதாகச் சொன்னேன். "மழை மேல பழியப் போட்டா அது என்ன சண்டைக்கா வரும்? விடு. உன் திட்டத்துல நாங்க பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம்லா" என்று சிரித்தீர்கள். ஆனால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான், மழை வந்தாலே தொழில் படுத்துவிடும் ஊரில் இன்னொரு இயந்திரத்துக்கும் பணம் போடுவானேன் என்று, பிறகு நீங்கள் கேட்ட உலர்த்தும் இயந்திரத்தைத் தலைமை அலுவலகம் மறுத்தது. இதை உங்களிடம் சொல்லவே இல்லை. ஒவ்வொரு சீசனும் ஈரச் சுமையோடு டெம்போவில் ஏறினீர்கள். கடைசி வருடம் மூச்சு வாங்க வாங்க ஏறினீர்கள். நான் கீழே நின்று கையாட்டினேன்.

மன்னித்துவிடுங்கள் அக்கா.

இப்போதெல்லாம் எந்தக் காலனிக்குப் போனாலும் பேனாவை மூடிவைத்துவிட்டு, "உங்களுக்கு எது காயமாட்டேங்குது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் சொல்லிவிடுகிறார்கள்.

மிச்சமுள்ள பத்துப் பேருக்காக உலர்த்தும் இயந்திரம் கேட்டு மறுபடி விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். நாளைக்கு அவர்கள் முன்னால் வாசிக்கப் போகிறேன். முந்தைய தடங்கலுக்குக் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்தத் தடவை அதில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.