ஐந்து மணி வரை ஹென்றி காலம்

மகளே,

நேற்று உன்னைத் தெரியாதவள் போல நின்றதற்குக் கோபமாகத்தான் இருப்பாய். பார்வையாளர்களுக்கு அந்தக் கால வேலைக்காரர்களாக நடித்துக் காட்டும் இந்த மாளிகைச் சமையலறையில் எங்களுக்கு ஒரே விதி. ஐந்து மணிக்குக் கதவடைக்கும் வரை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தை விட்டு வெளியே வரக் கூடாது. யாராவது ஃபோனை நீட்டினால்கூட, "இதென்ன கண்ணாடி?" என்றுதான் கேட்க வேண்டும்.

வெயிலில் மாவுத்தூள் மிதந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, கனவில் வருவது போல, நீ வந்தாய். பின்னால் உன் அப்பா வழிகாட்டிப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். ஏழு மாதத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டாய்.

மற்ற பிள்ளைகளைப் போலவே கையைத் தூக்கினாய்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு. எங்க வழக்கப்படி வேற வீட்டுல வளர்றா."

"நீங்க அனுப்புனீங்களா, அவளாவே போயிட்டாளா?"

"நல்லா மாட்டிக்கிட்டீங்க," என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

"எங்க காலத்துல எல்லா அம்மாவும் அனுப்புறதுதான்," என்றேன். சரித்திரப்படி சரியான பதில். நீ தலையாட்டினாய். பிசைந்த மாவில் ஒரு விரலை அழுத்திவிட்டுப் போய்விட்டாய்.

ஐந்து அடித்ததும் நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஈரப் புல்லில் கார்த் தடங்கள்தான் இருந்தன.

இப்போது உடுப்பைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன். அப்பா வீட்டுக்கு நீயாகப் போகவில்லை. அன்றைக்கு, "போறதுன்னா போ," என்று கத்தியவள் நான்தான்.

உனக்காகச் சனிக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். அன்று முழுவதும் இந்தக் காலத்திலேயே இருப்பேன்.

உன் அம்மா