அப்பா பாதியில் விட்ட வரியும் மூன்று பென்டிரைவும்

செமோர்
18.2.2026

அன்பு மகன் ரூபனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முட்டி வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. டப்ளின் குளிரில் நீயும் மருமகள் தினேஸ்வரியும் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். அப்பா போய் வருஷம் முடியாததால் இந்தத் தைப்பூசத்துக்கு நான் குனோங் சீரோ கோயிலுக்குப் போகவில்லை, வீட்டிலேயே ஒரு டம்ளர் பாலை வைத்துக் கும்பிட்டேன், அதையும் பூனை குடித்துவிட்டது. ஆறாம் வகுப்போடு ரப்பர் பால் வெட்டப் போன கை இது, ஒற்றை விரலால் மூன்று நாளாக இதை அடிக்கிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி அனுப்பாதே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் லேப்டாப்பில் நீ பாவிக்கிற ஆர்ச் லினக்ஸைப் போடச் சொன்னாயே, நான் போடவில்லை. இது வரைக்கும் ஏன் அந்தப் பெட்டியை யாரையும் தொட விடவில்லை என்பதையும் உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், கோபப்படாதே. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் அப்பா அதில் உனக்கு ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். பழைய விண்டோஸுக்குத் தீபாவளியோடு பாதுகாப்பு நின்றுவிடும், லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நீ சொல்லி, முடியாது என்று அவர் சொல்லி, இரண்டு பேரும் கத்தி போனை வைத்தீர்களே, அதற்கு மறுநாள். நெஞ்சு வலி வந்ததும் அப்படியே எழுந்தார், அப்புறம் வந்து உட்காரவில்லை. திரையில் அவர் விட்ட இடத்தில் அந்தச் சின்னக் கோடு மினுக் மினுக்கென்று நின்றது. பதினாறு நாளும் கூடத்தில் விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டேனா, அதே மாதிரி இதையும் அணைய விடக்கூடாது என்று மனசில் விழுந்துவிட்டது. ஒயரைச் சொருகியபடியே ஏழு மாதம் வைத்திருந்தேன், சாயங்காலம் சாமிக்கு விளக்கேற்றியதும் மூடியைத் திறந்து அந்தக் கோடு மினுக்குகிறதா என்று பார்ப்பேன். அப்பாவின் போன் லைனை வெட்டிய பிறகு அதற்கு நெட்டும் இல்லை, அதனால் அப்டேட் வந்து அதுவாக அணைந்து எழும்பவும் இல்லை.

போன மாதக் கடைசியில் மூடி சரியாக மூடவில்லை, பார்த்தால் எழுத்துப் பலகை ஆப்பம் மாதிரி நடுவில் உப்பி நிற்கிறது. ஈப்போவில் ஒரு கடைக்காரனுக்குப் போன் பண்ணினேன், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க ஆன்ட்டி என்றான். வருஷம் திரும்பாமல் புதுச் சாமான் வீட்டுக்குள் வராது என்று வைத்துவிட்டேன். அப்புறம் நம்ம அந்தோணிமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன், அப்பாவோடு ஒன்றாகத் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தவர்தானே, இப்போது மகள் ஐவி சொல்லிக் கொடுத்து லினக்ஸ்தான் பாவிக்கிறார். வந்து பார்த்ததும் தலையில் கை வைத்தார், தங்கச்சி இது விளக்கு இல்ல லா, வெடிகுண்டு, பேட்டரி வீங்கி இருக்கு, இப்பவே அணைக்கணும் என்றார். அணைத்தால் அவர் எழுதியது போய்விடுமே அண்ணே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குனிந்து, எழுதியதைச் சேமிக்கிற இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினார், முடிஞ்சது, இனி எங்கயும் போவாது என்றார். இரண்டு பொத்தான், ரூபன். அதற்கு நான் ஏழு மாதம் காவல் காத்திருக்கிறேன். பென்டிரைவிலும் ஒன்று எடுத்துவைத்துவிட்டு சாமிக்கு விளக்கேற்றிவிட்டு லேப்டாப்பை அணைத்தோம், திரை கறுத்தது, அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டார், இப்போது ஒயரிலேயே ஓடுகிறது.

மறுநாள் மைலோ டின்னில் மூன்று பென்டிரைவ் கொண்டுவந்தார், ஒவ்வொன்றிலும் ஒரு வகை லினக்ஸ். புதுசு வேண்டாம் அண்ணே என்றேன், பெட்டி பழசு, உள்ளதானே புதுசு, உன் சாமி ஒன்னும் சொல்லாது என்றார். லேப்டாப்பில் எதையும் ஏற்றாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாமாம், புடவை எடுக்கும்போது தோளில் போட்டுப் பார்ப்பது மாதிரி. உபுண்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அமுக்குகிற படமெல்லாம் இடது பக்கம் மேலிருந்து கீழே வரிசை பிடித்து நிற்கிறது, என் கை கீழேயே போய்த் தேடுகிறது. ஸோரின் கல்யாண மண்டபம் மாதிரி பளபளப்பு, இந்த வருஷம் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. மின்ட் என்பதைத் திறந்தேன், நம் அடுப்படிக்கு வெள்ளை அடித்த மாதிரி இருந்தது, சுவர் புதுசு, அரிசி டின் பழைய இடத்தில். தமிழ் எழுத்து வருகிறதா, உன்னோடு முகம் பார்த்துப் பேச முடிகிறதா, என் போனிலிருந்து வைஃபை பிடிக்கிறதா, இது மூன்றையும் நம் பெட்டியிலேயே போட்டுப் பார்த்தேன், எல்லாம் வந்தது. உன் ஆர்ச்சைப் பற்றிக் கேட்டதற்கு அண்ணன் சிரித்தார், அது மோட்டாரைப் பிரிச்சுக் கையில குடுத்து ஓட்டிக்கோன்னு சொல்றது, ரூபனுக்குச் சரி, உனக்கு எதுக்கு என்றார்.

அப்பா எழுதியதை இப்போது சொல்கிறேன். "தம்பி ரூபன், நேற்று நான் கத்தியது தப்பு. நீ சொல்வது நியாயம்தான், லினக்ஸுக்கு மாறலாம். ஆனால்". அவ்வளவுதான். ஆனாலுக்குப் பிறகு உன்னை நோகடிக்கிற மாதிரி ஏதாவது எழுத இருந்தாரோ என்று பயந்துதான் உன்னிடம் மறைத்தேன். அப்பா கோபத்தோடு போய்விட்டார் என்று நீ தினேஸ்வரியிடம் சொல்லி அழுவதாகக் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என் மேல்தான் தப்பு. அண்ணன் அதைப் படித்ததும் இது என்னன்னு எனக்குத் தெரியுமே என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முதல் நாள் சாயங்காலம் டீக்கடையில் அப்பா அவரிடம் சொன்னாராம், மாத்திக்கிறேன்டா, ஆனா அவன் லீவுல வந்து பக்கத்துல உக்காந்து அவன் கையால மாத்தித் தரட்டும், அதுவரைக்கும் நான் பிடிவாதக்காரனாவே இருந்துக்கிறேன் என்று.

அதனால் மின்ட்டை இன்னும் உள்ளே ஏற்றவில்லை. பென்டிரைவிலேயே ஓட்டுகிறேன். அணைத்தால் எல்லாம் மறந்துபோகும், ஒவ்வொரு நாளும் வைஃபை நம்பரைப் புதிதாக அடித்து, தமிழைத் தேர்ந்தெடுத்து, எழுதியதை இன்னொரு பென்டிரைவில் சேமித்துவிட்டுத்தான் அணைக்கிறேன், அந்த இரண்டு பொத்தான் இப்போது எனக்குத் தூக்கத்திலும் வரும். உள்ளே ஏற்றுவதற்கான படம் திரையில் தனியாக நிற்கிறது. அமுக்கவா என்று அண்ணன் இரண்டு தரம் கேட்டார், நான் விடவில்லை.

ஆனி மாதம் அப்பாவின் திதி வருகிறது, லீவு இப்போதே கேட்டு வை. நீயும் தினேஸ்வரியும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நூறு வயது இருக்கவேண்டும். வரும்போது புதுச் சாமான் எதுவும் வாங்கி வராதே, வெறும் கையோடு வா, அந்தப் படத்தை அமுக்க ஒரு விரல் போதும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
மங்களம்