நீங்கள் வைத்த கடைசி அடை

மதினி,

இன்று காலை எங்கள் லேபுக்கு மருந்துப் பெட்டி வந்தது. உள்ளே ஐஸ் வைத்து, சுற்றி டேப் ஒட்டிய வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. குப்பிகளை எடுத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு, கூட வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "அக்கா, பெட்டியத் தூக்கி வெளிய போட்டுரவா?" "போடாத!" என்று நான் போட்ட சத்தத்தில், ரத்தம் கொடுக்கக் கையை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் கையை மடக்கிக்கொண்டார். அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெட்டி இப்போது என் மேசைக்கு அடியில் இருக்கிறது. ஐஸ் உருகிய ஈரமும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்களோடு பேச வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. நாம் இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததே இல்லை.

மதினியும் நாத்தனாரும் என்றால் ஊருக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு. நீங்கள் கூமாப்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு வாழ வந்தபோது சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்கத் தயாராகவே இருந்தார்கள். நாமும் அவர்களை ஏமாற்றவில்லை. குழம்பில் புளி கூடியதற்குச் சண்டை, துணி காயப்போடும் கயிற்றுக்குச் சண்டை. சண்டை போட்ட கையோடு இருவரும் ஒரே தட்டில் பழைய சோற்றைப் பிசைந்து தின்றது அவர்களுக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த பிறகும், லேப் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவேன். அண்ணனைப் பார்க்க என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவேன். வந்தது உங்களைப் பார்க்கத்தான்.

வாத்து ஆசை உங்களுக்கு எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அண்ணன் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம். உங்கள் மகன் வேலைக்கு ஓசூர் போய்விட்டான். "ஒங்க அண்ணே வீட்டுக்கும் வாசலுக்கும் ரோந்து போயிட்டே இருக்காவ. கூட நாலு வாத்தும் நடந்துட்டுப் போகட்டுமே" என்றீர்கள். அண்ணன் பேப்பரை இறக்காமலேயே, "வீடு நாறிப்போகும்" என்றார். நீங்கள் காதிலேயே வாங்கவில்லை.

கூமாப்பட்டியில் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம் முட்டை வாங்கி, தவிட்டுக்குள் புதைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். வீட்டில் நின்ற செவலைக் கோழியை அதன்மேல் அடை வைத்தீர்கள். முதல் தடவை அத்தனையும் கூமுட்டை. மேய்ச்சல் மந்தையில் கிடா வாத்து குறைவு, எல்லா முட்டையிலும் கரு இருக்காது என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நீங்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இரண்டாம் தடவை குஞ்சு பொரிந்தது. உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வாத்து என்றால் தண்ணீர்தானே என்று, அன்றைக்கே துணி ஊறவைக்கிற டப்பில் தண்ணீர் பிடித்து அத்தனையையும் நீந்த விட்டீர்கள். தாய் வாத்தின் இறகு எண்ணெய் படாத குஞ்சுகள் அல்லவா, பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்து விறைத்துவிட்டன. இரண்டு செத்துப்போயின. முந்தானையில் வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர்கள். அன்று முழுவதும் நீங்கள் சாப்பிடவில்லை. "நல்லதுன்னு நெனச்சுத்தானட்டி செஞ்சேன்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அதன் பிறகு இறகு முளைக்கும் வரை, அலகு மட்டும் நனையும் அளவுக்குச் சின்னத் தட்டில்தான் தண்ணீர் வைத்தீர்கள்.

பிழைத்த குஞ்சுகள் வளர்ந்து தாமாகவே டப்பில் இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? செவலைக் கோழி டப்பைச் சுற்றிச் சுற்றி ஓடி அலறியது. பிள்ளைகள் முங்கிச் சாகப் போகின்றன என்று அதற்குப் பதைப்பு. அவையோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "வளத்தவளுக்கு இதான் கதி போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஓசூருக்கு போன் போட்டீர்கள்.

நாம் கடைசியாகச் சேர்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் முட்டை வேலைதான். உங்கள் சொந்த வாத்துகள் இட்ட முட்டைகள். அடை வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அரிசி மூட்டை வைக்கும் இருட்டறைக்குள் என்னை இழுத்துப் போய்க் கதவைச் சாத்தி, அண்ணனின் பழைய டியூட்டி டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தீர்கள். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. "பாத்தியாட்டி லேப்புக்காரி, நீ ஊசி குத்தி ரத்தம் பாக்க. நான் ஊசியில்லாமப் பாக்கேன்" என்றீர்கள். எத்தனையோ பேருடைய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள் நான். அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த ஞாயிறு நான் வருவதற்குள் நீங்கள் இல்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தீர்களாம். அதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாததும் அல்ல.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அழவும் இல்லை. வந்தவர்களுக்குக் கைகூப்பினார், நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவை ஓசூருக்கு அழைத்துப் போவதாக உங்கள் மகன் முடிவு செய்திருந்தான். வாத்துகளைக் கூமாப்பட்டியில் விட்டுவிடுவதாக ஏற்பாடு. எல்லோருக்கும் அதுதான் சரியென்று பட்டது. எனக்கு மட்டும் மாடிப்படிக்குக் கீழே கூடையில் படுத்திருந்த செவலைக் கோழிமேலேயே கண். கொட்டுச் சத்தம், ஒப்பாரி, நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் அது எழுந்திருக்கவில்லை. உங்கள் கையால் நீங்கள் வைத்த கடைசி அடை அது. அது பொரிந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு வெறி. அண்ணன் பிழைப்பது அதில்தான் இருக்கிறது என்று ஏனோ மனதில் விழுந்துவிட்டது. வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காலையில் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தோம். வ. புதுப்பட்டியிலிருந்து வந்த சித்தியை உங்களுக்குத்தான் தெரியுமே, ஒரு மூலையையும் விடமாட்டார். மாடிப்படிக்குக் கீழே போனவர் கோழியைத் தூக்கிவிட்டு, முட்டைகளை எடுத்துப் போகினிப் பாத்திரத் தண்ணீரில் போட்டார். அத்தனையும் மிதந்தன.

"மூணு வாரம் தாண்டியும் பொரியலைன்னா என்னத்துக்கு ஆகும்? அம்புட்டும் கூமுட்டை. விசேஷ வீட்டுல இது கெடக்கக் கூடாது. யாராச்சும் கொண்டு குப்பைக் குழியில போடுங்க" என்று சத்தம் போட்டார்.

சித்தி வாழ்நாளெல்லாம் கோழி வளர்த்தவர். கோழிக்கு மூன்று வாரம். வாத்து முட்டைக்கு மேற்கொண்டு ஒரு வாரம் வேண்டும் என்பதும், முற்றிய முட்டை உயிரோடிருந்தாலும் மிதக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. எனக்கே அந்தக் கடைசி வாரக் கணக்கு உங்களால்தான் தெரியும், மிதப்பது தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. அப்படியே குனிந்து நின்றேன்.

அதில் ஒன்று ஆடியது.

யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. போகினியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. முட்டை மட்டும் தானாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. "சித்தி, உசுரு இருக்கு!" என்று நான் கத்தியதில் படையலுக்கு இலை விரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். சித்தி வாயில் கைவைத்துக்கொண்டு, "ஆத்தாடி, என்ன காரியம் பண்ணப் பாத்தேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒவ்வொரு முட்டையாகத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஒற்றி ஒற்றித் துடைத்துக் கூடையில் வைத்தார். செவலைக் கோழியைத் தூக்கி மேலே விட்டார். ஆனால் கோழிக்கு வெறுத்துவிட்டது போலும். ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. எத்தனை தடவை பிடித்து விட்டாலும் இறங்கியது. அண்ணன் என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் ஒருவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

நான் போன் போட்டு லேபிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியும் தெர்மாமீட்டரும் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன். அண்ணன் பெட்டியில் ஓட்டை போட்டு பல்பு மாட்டினார். ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். முன்பு நீங்கள், "ஒங்க லேப்ல சூடு வைக்கிற பெட்டி இருக்காமே, என் முட்டைய ஓரமா வச்சா என்னவாம்?" என்று கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் உங்களுக்குப் படையல் நடந்தது, மறு பக்கம் பல்பு எரிந்துகொண்டிருந்தது. சாமி கும்பிட்ட பிறகு உங்கள் மகன் வந்து, "அப்பா, நாளைக்குக் காலையில கெளம்பணும், துணிமணி எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

"முட்டை கெடக்குல்லா. எப்படி வர?" என்றார் அண்ணன்.

பதினாறு நாளுக்குப் பிறகு அவர் முழுதாகப் பேசியது அதுதான். கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் மகன் நல்ல பிள்ளை, பேச்சை வளர்க்கவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு அவனும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் லேபுக்கு லீவு சொன்னேன்.

அண்ணன் அந்தப் பெட்டிக்குப் பாரா நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் மத்தியானம் கரண்ட் போனபோது, உங்கள் இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி முட்டைகளுக்கு அணைவாக வைத்தார். கரண்ட் வரும் வரை தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு முட்டையில் கீறல் விழுந்தது. உள்ளே டொக் டொக்கென்று சத்தம். பிறகு சத்தம் நின்றுவிட்டது. பொழுது போகப் போக அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகத்தால் ஓட்டை உரித்துவிடலாமா என்று கேட்டார். நீங்கள் ஒவ்வொரு தடவையும் சொல்வதைச் சொன்னேன்: "அது வாரப்ப வரட்டும். நாம என்ன பிரசவம் பாக்கவா வந்தோம்?" அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். உதடு லேசாகக் கோணியது. சிரிப்புதான்.

மறுநாள் காலையில் நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பெட்டி இருந்த அறையிலிருந்து அண்ணனின் குரல் தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"ஏட்டி! ஏட்டி, இங்க ஓடி வா! வெளிய வந்துட்டான் பாரு! ஏட்டி!"

என்னை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். ஏட்டி என்று அவர் கூப்பிட்டது உங்களை மட்டும்தான். அடுத்த நொடியே அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். சத்தம் அப்படியே அறுந்து போயிற்று. பால் பொங்கி வழிந்தது. எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. அந்த அமைதியில் அவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"இந்தா வாரேன்" என்றேன். என் குரல்தான், ஆனால் நீங்கள் இழுக்கிற மாதிரியே வந்துவிட்டது, மதினி.

போய்ப் பார்த்தபோது ஈரமும் மஞ்சளுமாக ஒரு குஞ்சு, கழுத்து நிற்காமல் அண்ணனின் உள்ளங்கையில் கிடந்தது. அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து, தோள் குலுங்க அழுதார். மகன் அவர் முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றான். பொழுது சாய்வதற்குள் மற்ற முட்டைகளும் ஒவ்வொன்றாக உடைந்தன.

அண்ணன் ஓசூருக்குப் போகவில்லை. உங்கள் மகன்தான் மாதம் ஒருமுறை வருகிறான். குஞ்சுகள் வளர்ந்து இப்போது முட்டையிடுகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டைக்குள் இருந்த மற்ற குஞ்சுகளும் அன்றைக்கு அந்தக் கூப்பாட்டைக் கேட்டிருக்கும் போல. அதற்குப் பிறகு அண்ணன் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவை வருவதில்லை. வாசலில் நின்று "ஏட்டி" என்றால் போதும், கிடா வாத்து உட்பட எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வருகின்றன. தெருவில் சிரிக்கிறார்கள். அண்ணனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காலையும் மாலையும் வாய் நிறையக் கூப்பிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் அடுப்படியில் நிற்கும்போதும் கூப்பிடுகிறார். வாத்துகளைத்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் வாய் முந்திக்கொண்டு "இந்தா வாரேன்" என்று சொல்லிவிடுகிறது. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு மனமில்லை, மதினி.