பெரிய வியாழனுக்குத் தேய்த்த கால்

என் அன்பு அப்பா,

நாளைக்குப் பெரிய வியாழன். அம்மா தூங்கிவிட்டார். நான் சமையலறையில் உட்கார்ந்து உங்கள் பழைய கைப்பேசியின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் அம்மா எழுந்து வந்து என்னவென்று கேட்பார். கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமலே இருந்துவிடுவேனோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் வீடுகள் கட்டுகிறார்கள். மழை பெய்தால் செமோர் சாலை வரைக்கும் செம்மண் வழிந்து வருகிறது. உங்கள் வேலை பூட்ஸ் இன்னும் பின்வாசலில்தான் இருக்கிறது. ஒன்றில் பல்லி முட்டையிட்டிருக்கிறது. ஆனாலும் அம்மா அதை நகர்த்த விடுவதில்லை.

இப்போது அந்தச் செய்தி.

நீங்கள் குடியை விட்ட வருஷம், பெரிய வியாழனன்று ஃபாதர் பாதம் கழுவும் சடங்குக்கு உட்காரும் பன்னிரண்டு பேரில் உங்களையும் ஒருவராக உட்கார வைத்தார்கள். அப்போதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் உங்களுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. மற்ற ஆண்களெல்லாம் வீட்டிலேயே காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, புதுக் காலுறை போட்டுக்கொண்டு வருவார்கள். அம்மா உங்களையும் குளியலறைக்குத் துரத்துவார். நீங்கள் நகர மாட்டீர்கள்.

"நானே கழுவிட்டுப் போனா ஃபாதருக்கு என்னா வேலை இருக்கு? அவரும் சம்பளம் வாங்குறார் லா."

நெடுஞ்சாலை ஓரத்தில் நாள் முழுக்கப் புல் வெட்டும் கால். ஈர பூட்ஸுக்குள்ளேயே கிடந்து நகமெல்லாம் கறுத்து, குதிகால் வெடித்துப் பிளந்திருக்கும். அதை நீங்கள் பீடத்துக்கு முன்னால் வெட்கமில்லாமல் நீட்டுவீர்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கோயில் என்னைச் சேர்த்துக்கிச்சு" என்று சொல்வீர்கள். ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தைதான்.

வெட்கப்பட்டது நான்தான், அப்பா. மறைக்கல்வி வகுப்பில் ஜெசிந்தா எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்கப்பா காலைத் தொடைச்ச துண்டை ஃபாதர் வீசிட்டாராம், தெரியுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உங்களிடம், "காலைக் கொஞ்சம் தேய்ங்கப்பா, அசிங்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

போன வருஷம் சடங்குக்குப் பெயர் சேர்க்கும் சேவியர் அங்கிள் உங்களுக்குச் செய்தி அனுப்பினார். உங்களுக்கு வரும் செய்திகளை நான்தானே படித்துச் சொல்வேன்? அதை மட்டும் சொல்லவில்லை. "அன்னிக்கு வேலை இருக்கு, வர முடியாது" என்று உங்கள் பெயரில் பதில் போட்டுவிட்டு, இரண்டையும் அழித்துவிட்டேன்.

யாரும் கூப்பிடாவிட்டாலும் நாற்காலி உங்களுடையது என்றே நீங்கள் நினைத்திருந்தீர்கள். அந்த வியாழக்கிழமை குளியலறையில் தேங்காய் நாரால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். வெடிப்பிலிருந்து ரத்தம் வந்தது. "பாப்பா, வந்து பாரு, இப்ப ஓகேவா?" என்று காலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காலும் வெள்ளைக் காலுறையும் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கோயிலில் உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். சடங்கு முடிவதற்குள் நீங்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டீர்கள். வீட்டில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டீர்கள்: "நான் குடிச்சதை இன்னும் மறக்கலையோ?"

பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் ஒருநாள் சாலையோரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள்; எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் அடக்கத்துக்குச் சேவியர் அங்கிள் வந்தார். அம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதிலிருந்து அம்மா கோயிலில் கடைசி வரிசையில் உட்காருகிறார், நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. மனசில் கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது என்கிறார். ஒரு தப்பும் செய்யாத மனிதர் மேல் கோபம், அப்பா. என்னால்.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபாதரிடம் செய்ததையெல்லாம் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்பா உன்மேல கோவமா இருப்பாராம்மா?" என்று கேட்டார்.

"அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, ஃபாதர். தெரியாமலே போயிட்டார்."

"இப்ப தெரியும்மா."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு பாவமன்னிப்புச் செபத்தைச் சொல்லிச் சிலுவை அடையாளம் வரைந்தார். வெளியே வந்து உட்கார்ந்து அழுதேன். அது பயத்தில் வந்த அழுகை இல்லை. எனக்கு மன்னிப்புக் கொடுத்த இயேசுவோடுதானே நீங்கள் இருக்கிறீர்கள்? அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாற்காலியை உங்களிடமிருந்து பிடுங்கியது கோயில் இல்லை என்றும் தெரிந்திருக்கும். அன்று இரவு, ரொம்ப நாளைக்கு அப்புறம், உங்களைக் கனவில் பார்த்துப் பயந்து எழாமல் தூங்கினேன்.

ஆனால் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

இன்று இந்தக் கைப்பேசிக்குச் சேவியர் அங்கிளிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணன் இடத்துல இந்த வருஷம் பாப்பா உட்காரட்டும்." சாயங்காலம் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, சேவியர் அங்கிள்..."

"அந்த ஆளு பேச்சை எடுக்காதே. உங்கப்பா காலு அவருக்கு ஆகலைல்ல? தட்டை எடு, சாப்பிடு."

தட்டை எடுத்தேன். சாப்பிட்டேன். கடவுள் மன்னித்ததை நம்ப முடிகிறது. அம்மா மன்னிப்பாரா? நீங்கள் இருந்திருந்தால் அம்மாவிடம் எனக்காக என்ன சொல்லியிருப்பீர்கள்?

நாளைக்குக் காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுவேன். அம்மா அடித்தாலும் சரி, என்னோடு பேசாமல் போனாலும் சரி. அந்தக் கோபம் சரியான ஆளிடம் வந்து சேரட்டும். சாயங்காலம் சேவியர் அங்கிளிடமும் சொல்வேன். அதற்குப் பிறகும் அவர் உட்காரச் சொன்னால், பள்ளிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உங்கள் நாற்காலியில் உட்காருவேன். ஜெசிந்தா முன்வரிசையில்தான் இருப்பாள். இருக்கட்டும்.

காலைத் தேய்த்துக்கொண்டு போகமாட்டேன், அப்பா. ஃபாதருக்கு வேலை இருக்கட்டும்.

உங்கள் கால் அழகு என்று சொல்லாமல் விட்ட மகள்,
பாப்பா